மூத்த கலைஞர்களுக்கு அரசு விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

கூத்து, பறை, நாதஸ்வரம், தவில், பரதம், பொம்மலாட்டம், மேடை நாடகம், கச்சேரி என்று நாற்பது ஐம்பது வருடம் உழைத்த ஒரு கலைஞர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார், அவருக்கு நாடு தருகிற மரியாதை எதையாவது வாங்கித்தர முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், பேரப்பிள்ளைகள், ஊர்க்காரர்கள். கலைஞர் தானே வந்து கேட்பது அபூர்வம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விருது என்றால் அவர் மேடையில் நிற்க முடிகிற காலத்திலேயே வர வேண்டும், அதற்கான எழுத்து வேலையை அவர் தலையில் கட்டாமல் சுற்றி இருக்கிற நாம்தான் செய்ய வேண்டும்.

தேசிய அளவில் கலைஞர்களுக்கு என்னென்ன விருதுகள் இருக்கின்றன?

முக்கியமாக மூன்று அடுக்கு. உச்சியில் பாரத ரத்னா. 1954-ல் தொடங்கிய இந்த விருது இசைக்கலைஞர் ஒருவருக்குப் போய்ச்சேர 1998 வரை ஆனது, எம்.எஸ்.சுப்புலட்சுமிதான் அந்த முதல் இசைக்கலைஞர். அதற்கடுத்து ரவிசங்கர், லதா மங்கேஷ்கர், பிஸ்மில்லா கான், பீம்சேன் ஜோஷி, பூபேன் ஹசாரிகா என்று ஒரு சிலர். இதற்கு நாம் மனு போடுவதில்லை, பிரதமர் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கிறார்.

அடுத்தது பத்ம விருதுகள்: பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ. இவையும் 1954-ல் வந்தவை. குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் பட்டியல் வெளியாகும், சில மாதம் கழித்து குடியரசுத் தலைவர் கையால் கொடுப்பார்கள். ஒரு வருடத்தில் மொத்தம் 120 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு (மறைவுக்குப் பின் தருவதும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தருவதும் இந்தக் கணக்கில் சேராது). அந்த 120-க்குள் மருத்துவர், விஞ்ஞானி, விளையாட்டு வீரர், சமூக சேவகர் எல்லோரும் அடக்கம், கலை அதில் ஒரு பிரிவு.

மூன்றாவது சங்கீத நாடக அகாடமி. என்னைக் கேட்டால் நிகழ்த்துகலைக்காரர்களுக்கு இதுதான் நெருக்கமான விருது, ஏனென்றால் இசை, நடனம், நாடகம், நாட்டார் மற்றும் பழங்குடிக் கலைகள், பொம்மலாட்டம் என்று இவர்களுக்காகவே இருக்கிற அமைப்பு இது. 1953 ஜனவரியில் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார், முதல் தலைவர் பி.வி.ராஜமன்னார். விருதுடன் 1 லட்சம் ரூபாய், தாமிரப் பட்டயம், அங்கவஸ்திரம் தருகிறார்கள். அதற்கு மேலே அகாடமியின் ஃபெலோஷிப் (அகாடமி ரத்னா என்று சொல்வது), அதற்கு 3 லட்சம். நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு பிஸ்மில்லா கான் பெயரில் யுவ புரஸ்கார் 2006-லிருந்து இருக்கிறது.

தமிழ்நாடு அரசு தருவது?

கலைமாமணி எல்லோருக்கும் தெரியும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாகத் தருவது. ஆனால் மாவட்டக் கலை மன்றங்கள் தரும் விருதுகளைப் பலர் கவனிப்பதே இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வயதுக்கு ஏற்றபடி ஐந்து இருக்கின்றன: 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. "மாவட்ட விருதுதானே" என்று ஒதுக்காதீர்கள். அரசுக் காகிதம் எதுவுமே கையில் இல்லாத ஒரு கிராமியக் கலைஞருக்கு முதல் சான்று இதுவாகத்தான் இருக்கும், பின்னால் டெல்லிக்கு எழுதும்போது இந்த ஒரு தாள் ரொம்பப் பேசும்.

பத்ம விருதுக்கு யார் பரிந்துரைக்கலாம்? எம்.பி., அமைச்சர் சிபாரிசு வேண்டுமா?

வேண்டாம். இந்தியக் குடிமக்கள் யாரும் பரிந்துரைக்கலாம், கலைஞர் தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். தபாலில் அனுப்புவதெல்லாம் பழைய கதை. தேதி மட்டும் வருடா வருடம் மாறுகிறது: சில ஆண்டுகளாக மே 1 முதல் செப்டம்பர் 15 வரை என்று இருந்தது, 2026 விருதுகளுக்கு 2025 மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை என்று முன்னுக்கு வந்துவிட்டது. ஆகவே பொங்கல் முடிந்ததுமே தளத்தைப் பார்க்கத் தொடங்குவது நல்லது.

வருகிற பெயர்களை எல்லாம் ஒரு குழு பரிசீலிக்கிறது. பிரதமர் ஆண்டுதோறும் அமைக்கும் குழு அது, அமைச்சரவைச் செயலர் தலைமை, உள்துறைச் செயலரும் குடியரசுத் தலைவரின் செயலரும் உறுப்பினர்கள், கூடவே பல துறைகளில் பெயர்பெற்ற நான்கிலிருந்து ஆறு பேர். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு (மருத்துவர், விஞ்ஞானி தவிர) தகுதி இல்லை. பெயர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விளக்கக் கடிதம் எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வருடம் மறுபடி அனுப்புங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்தப் படிவத்தில் 800 சொல்லுக்குள் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

இங்கேதான் நல்ல கலைஞர்கள் கோட்டை விடுகிறார்கள், அவர்களுக்காக எழுதுபவர்கள் விடவைக்கிறார்கள் என்று சொல்வது இன்னும் சரி. "கலைத்தாயின் தவப்புதல்வர், இசைக்கடல், எளிமையின் சிகரம்" என்று அழைப்பிதழ் பாணியில் முதல் 200 சொல் போய்விடும். படிக்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றுமே கிடைக்காது. அவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்கமாட்டார், தெருக்கூத்தைப் பார்த்திருக்கமாட்டார், தவிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்கலாம். அவரை மனதில் வைத்து எழுதுங்கள்.

முதலில் இந்தக் கலை என்ன, எங்கே, எப்போது நடக்கிறது என்று நாலு வரி. உதாரணமாக, வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் பாரதக் கூத்து என்றால் அதைச் சொல்லுங்கள். அப்புறம் இவர் யாரிடம் கற்றார், எந்த வயதில் மேடை ஏறினார், எந்த வேடம் கட்டுவதில் பெயர் வாங்கினார். அதற்கும் மேலாக, இவர் இல்லாமல் போயிருந்தால் எது இல்லாமல் போயிருக்கும்? இதுதான் அந்த 800 சொல்லுக்கும் உயிர். வேறு யாரும் பாடாத பழைய பாட்டுகள் இவரிடம் இருக்கின்றனவா, பெண்களைச் சேர்க்காத ஆட்டத்தில் பெண்களைச் சேர்த்தாரா, நின்றுபோன வாத்தியத்தை மறுபடி வாசித்தாரா, எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தார், அவர்களில் யார் இன்று தனியாக ஜமா (கூத்துக் குழு) நடத்துகிறார்கள்?

2024-ல் பத்மஸ்ரீ பெற்ற கோயம்புத்தூர்ப் பக்கத்து எம்.பத்ரப்பனைப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 87. வள்ளி ஒயில் கும்மி வாத்தியார். ஆண்கள் மட்டும் ஆடிவந்த கும்மியை அவர் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், கேட்கிறவருக்கு உடனே புரியும். உங்கள் வாத்தியாருக்கும் அப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர் சிஷ்யர்களிடமும் பேசுங்கள், ஏனென்றால் தன் சாதனையைத் தானே சொல்ல அவருக்கு வாய் வராது.

சங்கம், கட்சி, சாதி அமைப்பு கொடுத்த பட்டங்களை நீளமாக அடுக்க வேண்டாம். அரசு விருது, வானொலி தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், பல்கலைக்கழகம் அழைத்த பயிற்சிப் பட்டறை, வெளிநாட்டு விழா, பத்திரிகைச் செய்தி, இவை இருந்தால் ஆண்டோடு எழுதுங்கள். இல்லாததை எழுதவே கூடாது. பட்டியலுக்கு முன் விசாரணை உண்டு, ஒரு பொய் தெரிந்தால் உண்மையான ஐம்பது வருட உழைப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

சபாவில் பாடுபவர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும்தானே தருவார்கள்? கிராமியக் கலைஞர்களுக்கு உண்மையிலேயே கிடைக்கிறதா?

நீண்டகாலம் நீங்கள் சொல்வதுதான் நடந்தது. இணையம் வழியாக யாரும் பரிந்துரைக்கலாம் என்று 2016-ல் வந்த பிறகு படம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018-ல் நாட்டுப்புறப் பாடகர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். 2019-ல் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ், பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை. 2020-ல் நாதஸ்வரத் தம்பதி ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப். 2022-ல் விராலிமலை முத்துகண்ணம்மாள். அந்த மலைக்கோயிலோடு இணைந்திருந்த 32 தேவதாசியரில் எஞ்சியிருந்த கடைசி ஒருவர் அவர், பரதத்துக்கு முந்தைய வடிவமான சதிராட்டத்தின் பாட்டும் அடவும் அவர் உடம்பில்தான் இருந்தன. 2024-ல் பத்ரப்பனோடு நாதஸ்வரக் கலைஞர் சேஷம்பட்டி சிவலிங்கம். 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தெருக்கூத்துக்காக, வேலு ஆசான் பறைக்காக.

கடைசிப் பெயரில் கொஞ்சம் நிற்கிறேன். பறை என்றால் சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கி, அடிப்பவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்ததற்காக ஒருவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் விருது வாங்கினார் என்பது அவர் ஒருவருக்குக் கிடைத்த மரியாதையோடு நிற்பதில்லை. பறையைக் கற்க வரும் ஒரு பையனோ பெண்ணோ வீட்டில் சொல்வதற்கு இனி ஒரு பதில் இருக்கிறது. விருதுகளில் அரசியல் உண்டு, விட்டுப்போனவர்கள் நிறையப் பேர் உண்டு, எல்லாம் தெரிந்தும் நான் இன்னும் பரிந்துரை எழுதச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏன் எல்லோருக்கும் எண்பது வயதில் தருகிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பதில், பரிந்துரையே தாமதமாகத்தான் போகிறது. பாடகர் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் படிவம் ஞாபகம் வருவதில்லை, மருத்துவமனையில் படுத்த பிறகுதான் வருகிறது. இன்னொன்று, விருது தருகிற அமைப்புகளே வருடக்கணக்கில் பாக்கி வைக்கின்றன. 2011 முதல் 2018 வரையான கலைமாமணி விருதுகளை 2019-ல் ஒரே மூச்சில் 201 பேருக்கு அறிவித்தார்கள். அந்த எட்டு வருடத்தில் எழுபதைத் தொட்ட ஒருவர் எழுபத்தெட்டைத் தொட்டிருப்பார். 201 பெயர்கள் ஒன்றாக வரும்போது எந்தப் பெயர் யார் மனதில் நிற்கும்? வருடத்துக்கு வருடம் சரியாகக் கொடுத்தாலே பாதிக் குறை தீரும்.

சங்கீத நாடக அகாடமி 2022-ல் அம்ரித் விருது என்று ஒருமுறை மட்டும் தருவதாக ஒன்றை அறிவித்தது. 75 வயதைக் கடந்தும் அதுவரை எந்த தேசிய விருதும் பெறாத கலைஞர்களுக்கு என்று. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் வந்தார்கள், 2023 செப்டம்பரில் டெல்லியில் கொடுத்தார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். அதே சமயம் 75 வயது வரை நாடு கண்ணெடுத்துப் பார்க்காத பெரிய கலைஞர்கள் இத்தனை பேர் என்பதற்கு அகாடமியே கொடுத்த வாக்குமூலமாகவும் அது இருக்கிறது.

எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-ல் மறைந்தார். ஒரு பத்மஸ்ரீ கூட அவருக்கு இல்லை. தமிழர் வீட்டு வானொலியில் அரை நூற்றாண்டு ஒலித்த மனிதர். இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

கொடுத்தால் மறுக்கலாமா? மறுத்தவர்கள் உண்டா?

தாராளமாக மறுக்கலாம். சிதார் மேதை விலாயத் கான் பத்மஸ்ரீ, பத்ம பூஷண், பத்ம விபூஷண் மூன்றையும் வெவ்வேறு காலத்தில் மறுத்தார். கதக் கலைஞர் சிதாரா தேவி பத்ம பூஷணை அவமதிப்பாகக் கருதி வாங்கவில்லை. எஸ்.ஜானகி 2013-ல் பத்ம பூஷணை மறுத்தார், ரொம்பத் தாமதம், தென்னிந்தியக் கலைஞர்களுக்கு உரிய இடம் தருவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022-ல் வங்கப் பாடகி சந்தியா முகர்ஜிக்கு 90 வயதில் பத்மஸ்ரீ தருவதாகத் தொலைபேசியில் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார்.

இவர்களைத் திமிர் என்று பேசுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அறுபது வருடம் பாடிய ஒருவருக்கு, நேற்று வந்தவருக்குத் தரும் படியில் இடம் காட்டினால் அது வலிக்கத்தான் செய்யும். நீங்கள் யாருக்காவது பரிந்துரை எழுதினால் எந்த விருதுக்கு எழுதுகிறீர்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் ஆச்சரியப்படுத்துகிறேன் என்று போக வேண்டாம்.

விருதோடு பணம் வருமா? ரயிலில் சலுகை?

பத்ம விருதில் பணம் இல்லை, ரயில் விமானச் சலுகையும் இல்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பட்டயமும் பதக்கமும், கூட்டங்களுக்கு அணிந்துகொள்ள அதன் சிறிய நகல் ஒன்றும் தருவார்கள். அவ்வளவுதான். குடும்பத்தினரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியல் வந்த மறுநாளிலிருந்து "டெல்லியிலிருந்து எவ்வளவு வந்தது" என்று ஊரே கேட்கும், அவருக்கு அது பெரிய சங்கடம்.

தெலங்கானாவில் கின்னெரா என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் தர்சனம் மொகிலய்யா 2022-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2024-ல் அவர் கட்டட வேலை செய்யும் காட்சி நாடு முழுக்கப் பரவியது. அதே 2024-ன் தொடக்கத்தில்தான் அந்த மாநில அரசு தன் பத்மஸ்ரீ கலைஞர்களுக்கு 25 லட்சம் ரூபாயும் மாதம் 25,000 ரூபாய் ஓய்வூதியமும் அறிவித்திருந்தது. அறிவிப்பு வேறு, பணம் கைக்கு வருவது வேறு. பதக்கத்தை வைத்துக் கடையில் அரிசி வாங்க முடியாது என்பதால், விருதுக்கு எழுதும் அதே கையோடு உதவித்தொகைக்கும் எழுதுங்கள் என்பேன்.

தமிழ்நாட்டில் நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் மூத்த கலைஞர் திட்டத்தில் 60 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் அதிகபட்சம் 6,000 வரை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், இறப்பு போன்றவற்றுக்கு உதவி உண்டு. தொகையும் விதியும் மாறக்கூடியவை, மாவட்டக் கலை பண்பாட்டு அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாசில்தார் அலுவலக வருமானச் சான்று, வயதுச் சான்று, வங்கிக் கணக்கு இந்த மூன்றும் சரியாக இல்லாததால்தான் பாதி மனுக்கள் நிற்கும். ஆதாரில் ஒரு பெயர், மேடையில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு பெயர் என்று இருக்கிற கலைஞர்கள் ஏராளம். அதை முதலில் சரி செய்யுங்கள்.

பெயருக்கு முன்னால் "பத்மஸ்ரீ" என்று போடலாமா?

போடக்கூடாது. அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது, இந்த விருதுகள் பட்டமாகாது என்றும் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. மீறினால் விருதைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் அடிக்கும் விழாக் குழுவினர் ஆர்வத்தில் போட்டுவிடுவார்கள், அவர்களிடம் நாம்தான் சொல்ல வேண்டும். "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று கீழே தனி வரியில் தகவலாகப் போட்டால் பிரச்சினை இல்லை.

பக்கவாத்தியம், பின்பாட்டு, வாத்தியம் செய்பவர்களுக்கும் உண்டா?

உண்டு, ஆனால் கடைசியில்தான் வந்து சேரும். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி அரசு விருது அல்ல, இருந்தாலும் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது முதன்முதலில் கிடைத்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதுவரை மிருதங்கம் வாசித்தவர் யாரும் அந்தத் தலைமை நாற்காலிக்கு வரவில்லை. கடம் விநாயக்ராம் பத்ம பூஷண் வரை போனார், 2014-ல்.

கூத்தில் முகவீணை ஊதுபவர், நாதஸ்வரத்துக்குச் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கட்டுபவர், மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுபவர் இவர்களுக்கெல்லாம் பரிந்துரை எழுத ஆளே இருப்பதில்லை. சங்கீத நாடக அகாடமி வாத்தியம் செய்பவர்களுக்கும் விருது தந்திருக்கிறது, ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. பெரிய வித்வான்கள் தங்கள் வாத்தியத்தைச் செய்து தந்தவரைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாலே போதும், அதற்கு இருக்கும் எடை வேறு எதற்கும் கிடையாது. எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

ஜப்பான் முறை எனக்குப் பிடித்தது. 1950-ல் சட்டம் இயற்றி, 1955-லிருந்து நோ, கபுகி என்ற மரபு நாடகங்கள், பொம்மை நாடகம் போன்ற கலைகளில் தேர்ந்தவர்களை "வாழும் தேசியப் பொக்கிஷம்" என்று மக்கள் சொல்லும் நிலைக்கு அங்கீகரிக்கிறார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறார்கள், எதற்கு என்றால் தன் கலையை மேலும் தீட்டவும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தரவும். தென் கொரியாவும் 1962-ல் இதே வழியில் சட்டம் கொண்டுவந்தது. ஒருநாள் விழாவோடு உறவு முடியாமல், கலைஞர் உயிரோடு இருக்கும் வரை அவர் ஒரு பள்ளியாக நடத்தப்படுகிறார்.

நம்மிடமும் குரு–சிஷ்யத் திட்டம் இருக்கிறது, தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற மண்டல மையங்கள் அதை நடத்துகின்றன. விருது பெறும் ஒவ்வொரு மூத்த கலைஞரையும் தானாகவே அதில் சேர்த்து, இரண்டு மூன்று மாணவர்களையும் உதவித்தொகையோடு அவரிடம் அனுப்பினால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

அரசு தரும்போது தரட்டும், ஊரிலேயே பாராட்டு விழா நடத்த நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல முடிவு. அன்று கதாநாயகர் அவர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆறு மணிக்கு அழைத்து வந்து, சிறப்பு விருந்தினர் வரும் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எட்டு பேர் பேசி முடித்து ஒன்பதரைக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்து ஃபோட்டோ எடுத்து அனுப்புவது மரியாதை ஆகாது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு மூன்றரை மணி நேரம் என்பது தண்டனை. சர்க்கரை, முட்டிவலி, அடிக்கடி எழுந்து போக வேண்டிய தேவை எல்லாம் இருக்கும், யாரிடமும் சொல்ல மாட்டார். வீட்டிலிருந்து கார், கூட ஒரு ஆள், மேடைப்படிக்குக் கைப்பிடி, பக்கத்தில் கழிப்பறை, நேரத்துக்குச் சாப்பாடு: விழாக் குழுவின் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

பொன்னாடைகள் அவர் வீட்டுப் பீரோவில் ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கும். ஆளுக்கொரு ஆடை போர்த்துவதை விட்டு, அந்தக் காசைச் சேர்த்து சன்மானமாகக் கவரில் கொடுங்கள், அல்லது வங்கிக் கணக்கில் போடுங்கள். மேடையில் தொகையை மைக்கில் அறிவிக்காமல் இருப்பது நாகரிகம். சக கலைஞர்களையும், அவர் ஜமாவில் கூட ஆடியவர்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள், மனைவியை மேடையில் அவருக்குச் சமமாக. ராத்திரி ராத்திரியாக அவர் ஆடப்போனபோது வீட்டைச் சுமந்தவர் அவர்தானே.

அவரை ஆடச் சொல்லலாமா, பாடச் சொல்லலாமா? அவர் விருப்பம். முன்னமே கேளுங்கள், மேடையில் வைத்துத் திடீரென்று "ஐயா ஒரு பாட்டு" என்று மைக்கை நீட்டினால் தயாராக இல்லாத குரலோடு ஊருக்கு முன் நிற்க வேண்டிவரும். ஆட்டக்காரருக்கு உடம்பு ஒத்துழைக்காவிட்டால் சிஷ்யர்கள் ஆடட்டும், அவர் உட்கார்ந்து தாளம் சொல்லட்டும். இதைவிட அவர் மனம் நிறைகிற காட்சி வேறு கிடையாது.

அவர் மறைந்துவிட்டார். இப்போது பத்ம விருதுக்கு அனுப்பலாமா?

பொதுவாக மறைவுக்குப் பின் தருவதில்லை, மிகத் தகுதியான சிலருக்கு விதிவிலக்கு செய்கிறார்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு பத்ம விபூஷண் 2021-ல், அவர் மறைந்த சில மாதங்களில் வந்தது. பூபேன் ஹசாரிகா 2011-ல் மறைந்தார், பாரத ரத்னா 2019-ல். இவர்கள் நாடறிந்தவர்கள். கிராமத்துக் கலைஞர் ஒருவருக்கு அந்த வழி திறக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அவர் பெயரில் ஆண்டுக்கொரு நிகழ்ச்சி, அவர் பாட்டுகளின் பதிவு, அவர் சிஷ்யருக்கு மாவட்ட விருது, இவை நம் கையில் இருப்பவை.

இந்த வருடக் கடைசித் தேதி போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

இப்போதுதான் நிதானமாக வேலை செய்ய நேரம். பழைய நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகைத் துண்டு எல்லாம் டிரங்குப் பெட்டியில் கரையான் அரித்துக்கொண்டிருக்கும், எடுத்து ஒவ்வொன்றையும் ஃபோனில் தெளிவாகப் படம் எடுத்து ஆண்டுவாரியாக வையுங்கள். நோட்டீஸில் ஆண்டு இல்லாவிட்டால் அவரிடம் கேட்டுப் பென்சிலில் குறியுங்கள், "பெரிய புயல் வந்த வருஷம்" என்று சொன்னாலும் பரவாயில்லை, பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதைவிட அவசரம், அவரை ஒலி–ஒளிப் பதிவு செய்வது. பரதக் கலைஞர் பாலசரஸ்வதியை சத்யஜித் ரே 1976-ல் படம் பிடித்தார், அப்போது அவருக்கு வயது 58. அவர் முப்பது வயதில் ஆடியதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கும்போதெல்லாம் அது படமாகக் கிடைக்கவில்லையே என்றிருக்கும். இன்று ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது. முழுக் கூத்தையும் எடுக்க வசதியில்லாவிட்டால் ஒரு வேடத்தின் வருகைப் பாட்டை எடுங்கள், ஒரு தாளத்தை அவர் வாயால் சொல்வதை எடுங்கள், யாரிடம் கற்றார் என்று பேசுவதை எடுங்கள். காற்று சத்தம் இல்லாத இடம், முகத்தில் வெளிச்சம், ஃபோனைப் படுக்கைவாக்கில் பிடித்தல், இது போதும். கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்றை அவர் குடும்பத்திடம் கொடுங்கள்.

அப்புறம் மாவட்டக் கலை மன்ற அறிவிப்பு எப்போது வருகிறது என்று பாருங்கள், பத்மத்துக்குக் காத்திருக்காமல் கலை முதுமணிக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகை மனுவுக்குத் தேதி பிரச்சினை இருக்காது, அதை இந்த வாரமே தொடங்கலாம். அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள், அவரை அலுவலகத்துக்கு அலையவிடாதீர்கள்.